நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்க

"ஏம்மா, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல மூக்குக்குக் கீழே சும்மா ஒரு கோடு போட்டு விட்டுட்டாங்களா?"

கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் அவளிடம் கேட்ட கேள்வி அது. அவள் "ம்" என்றாள். வாய் இருக்கிறது என்கிறாளா, கோடுதான் என்கிறாளா என்று மாமியாருக்குப் புரியவில்லை. சொன்னவளுக்கே புரியவில்லை. பொருத்தமான பதில் ஒன்று சில வருஷம் கழித்து, தையல் மெஷின் ஊசியில் நூல் கோக்கும்போது தோன்றியது. அப்போது மாமியார் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

நோய் வந்து ஊர் வாயையெல்லாம் துணியால் மூடியபோது, முதல்முறையாகத் தான் ஊரோடு ஒத்துப்போய்விட்டதாக அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்தத் துணியில் கொஞ்சத்தை அவளே தைத்தாள். சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த அவளுடைய தையல் யூனிட் மொத்தமும் முகக்கவசத்துக்கு மாறியிருந்தது.

இப்போது அப்படி ஒரு கவசத்தை, அதுவும் மூன்று அடுக்குக் கவசத்தை, போட்டுக்கொண்டு விமானக் கம்பெனியின் கவுண்டர் முன்னால் நின்றாள். அவளுக்கும் கவுண்டர்க்காரருக்கும் நடுவே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய கவசம். சாதாரண நாளிலேயே அவள் பேசுவது அவள் கழுத்துச் சங்கிலிக்கு மட்டும்தான் கேட்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தீவுக்குப் போக வேண்டும். அங்கே அவள் மகள் இருந்தாள்.

தீவு என்றால் வரைபடத்தில் ஈ உட்கார்ந்து எழுந்த இடம் மாதிரி ஒரு புள்ளி. கணவனின் ஊர். கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். எந்தத் துறைமுகமும் இறங்கவிடாததால் அவன் கப்பல் நடுக்கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் மாமியார் வந்து, பேத்தியைத் தூக்கிக்கொண்டு காலை விமானத்தில் தீவுக்குப் போனார். சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் நீயும் வந்து சேர் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் விமானமே இல்லை. படகும் இல்லை. வெயில் போய், மழையும் வந்து போய்விட்டது.

குழந்தைக்கு நாலு வயசு. அம்மா எங்கே என்று பாட்டி கேட்டால் போனைக் காட்டுகிறதாம். அம்மா என்றால் போன் என்று அது முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தபோது, "பாட்டி, அம்மா செத்துப்போச்சு" என்று வந்து சொல்லியிருக்கிறது. மாமியார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு அவள் தைத்த கவசங்களில் நாடா இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

விமானம் மறுபடி பறக்க ஆரம்பித்தது நல்ல செய்தி. வாரத்துக்கு ஒரு தடவைதான், பாதி இருக்கைகளில்தான் ஆள் என்பது கெட்ட செய்தி. காலியாக வரும் இருக்கைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே பணம் கட்ட வேண்டும் என்பதை யாரும் செய்தியாகச் சொல்லவில்லை. விலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

விலையைப் பார்த்தவள் மாடி வீட்டு அக்கா. பார்க்கப் பார்க்க அது ஏறியது.

"நீ பார்க்கறது அதுக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "கண்ணுல ஆசையை வெச்சுக்கிட்டுப் பார்த்தா ஏத்திடும். சும்மா பொழுது போகாம பார்க்கற மாதிரி பாரு."

அவள் பொழுது போகாதவள் மாதிரி பார்த்தாள். ஏறியது. அக்கா தன் வீட்டுக்காரர் போனில் பார்த்தாள். ஏறியது. அக்காவின் நாத்தனார்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்த்தார்கள். ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு சீட்டை வேடிக்கை பார்த்ததில், காலையில் மூன்று மாதச் சம்பளமாக இருந்த கட்டணம் சாயங்காலம் நாலு மாதச் சம்பளமாகிவிட்டது. இனிமேல் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று அக்கா எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். நேரில் போய் முகத்தைக் காட்டினால் குறைப்பார்கள் என்பதும் அவள் யோசனைதான். எந்த முகத்தை என்று இவள் கேட்கவில்லை.

கவுண்டர்க்காரர் நிமிராமலே, "என்ன விஷயமாப் போறீங்க?" என்றார்.

இதற்கு அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். என் மாமியார் குழந்தையோடு முன்னாலேயே தீவுக்குப் போய்விட்டார், பின்னால் போக வேண்டிய நான் மாட்டிக்கொண்டேன், ஏதாவது குறைத்துக்கொடுங்கள். வாயைத் திறந்ததும் வழக்கம்போல முக்கால்வாசி உள்ளேயே தங்கிவிட்டது.

"மாமியார் போயிட்டாங்க" என்றாள்.

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்போம்மா?"

"காலையில." காலை விமானத்தைச் சொன்னாள்.

"திடீர்னா?"

"ஆமா சார். நானே எதிர்பார்க்கலை." மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது உண்மைதான்.

"கஷ்டப்படலையே?"

"இல்ல சார். தூங்கிக்கிட்டேதான் போனாங்களாம்."

"அதுக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும்" என்று அவர் கண்ணை மூடித் திறந்தார். "நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"ஆமா சார், நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்க." இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற ஓர் அதிகாரியை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தெம்பில் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "ஜன்னல் ஓரமா இடம் கிடைச்சுதாம்."

ஜன்னல் ஓரக் கட்டில் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கருணைச் சீட்டு என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். தீவுக்குப் போகிற விமானத்தில் ஒருவருக்கு, தீவிலிருந்து வருகிற விமானத்தில் ஒருவருக்கு. நோய் வருவதற்கு முன்னால் இருந்த அதே பழைய விலை. இதை அவர்கள் விளம்பரப்படுத்துவதில்லை.

"எழவுக்குப் போறவங்ககிட்ட லாபம் பார்க்கற கம்பெனி இல்லம்மா இது" என்றார்.

எழவு என்ற சொல் அவர் கவசத்தையும் கண்ணாடியையும் தாண்டி வந்து அவள் காதில் விழுந்தது. அதற்கப்புறம்தான் முன்னால் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து விழுந்தது.

"சார், அது வந்து..."

அவர் கையை உயர்த்தினார். "பேசாதீங்க. இந்த நேரத்துல பேச்சு வராது. எங்கப்பா தவறினப்ப நானும் இப்படித்தான் நின்னேன்."

உலகத்தில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பேசாதே என்று சொன்னார். அவளுக்குப் பழக்கம் எதுவோ அதையே செய்தாள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர் ஒரு பெயிண்டர். சட்டையில் ஊரிலுள்ள சுவர்களின் நிறமெல்லாம் இருந்தது. அவர் தம்பி அன்று விடியற்காலையில் தீவில் இறந்துபோயிருந்தான். நிஜமாகவே. அவரும் அந்தக் கருணைச் சீட்டைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். இப்போதுதான் கொடுத்தேன் என்று கவுண்டர்க்காரர் சங்கடப்பட்டபோது, பெயிண்டர் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க போகட்டும் சார்" என்றார். "பாவம், பேச்சே வராம நிக்கறாங்க."

*

"அடிப்பாவி" என்றாள் மாடி வீட்டு அக்கா. "வாயைத் திறக்காமலே ஒரு ஆளைச் சாய்ச்சிட்டியே. திறந்தா ஊர் தாங்குமா?"

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக இவள் சொன்னாள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும், மாமியாருக்கு நீ நல்லதுதான் செய்திருக்கிறாய், போய்க் குழந்தையைப் பார் என்றாள். இவளுக்கு அந்தப் பெயிண்டரின் சட்டை கண்ணிலேயே நின்றது. வானத்தின் நீலம் ஒன்று, யாரோ வீட்டுக் கதவின் பச்சை ஒன்று.

மறுநாள் மறுபடி கவுண்டருக்குப் போனாள். இந்தத் தடவை ஒத்திகையைச் சின்னதாக்கிக்கொண்டாள்.

"இதை அவருக்குக் குடுத்துடுங்க" என்று சொல்லியே விட்டாள்.

கவுண்டர்க்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் நேற்றே ஸ்கூட்டரை விற்று, முழு விலை கட்டி அதே விமானத்தில் சீட்டு வாங்கிவிட்டாராம். அவள் திருப்பிக் கொடுத்தால் அந்தச் சீட்டு பொது விலைக்குப் போய்விடும், அவருக்கு ஒரு காசு குறையாது. இதையெல்லாம் விளக்கிவிட்டு, தன் துக்கத்தை ஒதுக்கிவைத்து அடுத்தவர் துக்கத்தைப் பார்க்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். தீவின் விமான நிலையத்துக்கு உடனே போன் போட்டு, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போக ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று கவுண்டர்க்காரர் ரிசீவரை எடுத்தார். அந்தத் தீவில் ஒரு வீட்டில் தும்மினால் இன்னொரு வீட்டில் கதவைச் சாத்துவார்கள். செத்துப்போனவர் மத்தியானம் கடைக்கு வந்து சோப்பு வாங்கினார் என்ற தகவல் அங்கிருந்து வர அரை நிமிஷம் ஆகாது.

"வேண்டாம் சார். அங்க போன் எடுக்காது" என்றாள்.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு யோசித்தார். அப்படியானால் கம்பெனி தன் அனுதாபத்தை வேறு எப்படித் தெரிவிப்பது? ஒரு மலர்வளையம் தயார் செய்து அவள் கையிலேயே கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். செலவு கம்பெனியுடையது. அவள் தலையாட்டினாள். ஒரு தடவை பேசினால் ஒரு வளையம் வருகிறது என்றால், இன்னொரு தடவை பேசினால் என்ன வரும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

யூனிட்டில் லீவு கேட்பது அதைவிட மோசமாகப் போயிற்று. சூப்பர்வைசர் காரணம் கேட்டார். அவள் சீட்டை எடுத்து நீட்டினாள். அதன் குறுக்கே கருணை என்று கறுப்பில் குத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மின்விசிறிச் சத்தத்தில், வெட்டிப்போட்ட துணித்துண்டுகள் மட்டும் தரையில் நகர்ந்தன. அவள் மாமியாரை ஒருநாளும் பார்த்திராத கட்டிங் மாஸ்டர், அந்த அம்மா கையால் ஒரு வாய் சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் சமையலைச் சாப்பிட்டுப் பழகிய இவளுக்கு அந்த வருத்தம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியாரின் போன் வந்தது.

தீவில் படகுத்துறைக்கு வந்தால்தான் சிக்னல் கிடைக்கும். மாமியாருக்கு ஒரு காது மந்தம். அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வலை காயப்போடுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், விமான நிலையத்து ஆட்கள் என்று துறையே சேர்ந்து கேட்கும். நான் வருகிறேன் என்று இவள் சொன்னால், எப்படிச் சீட்டுக் கிடைத்தது என்று மாமியார் கேட்பார். உங்களைச் சாகடித்துத்தான் என்று ஊர் கேட்கச் சொல்வது எப்படி? ஒன்றும் சொல்லாமல் போய் வாசலில் நின்றுவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்திருந்தாள்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு உனக்கு?" என்றார் மாமியார்.

இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை.

"ம். உங்களுக்கு அத்தை?"

"எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன். நீ சொல்லு. மூச்சு நல்லா இழுக்க முடியுதா?"

"முடியுது. உங்களுக்கு நெஞ்சு?"

"என் நெஞ்சுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா."

அன்றைக்கு ஐஸ் உடைக்கிற சத்தமோ ஆள் பேச்சோ இல்லை; துறையில் யாரும் இல்லாத நேரம் போலிருந்தது, அலைச் சத்தம் மட்டும் வந்தது. வழக்கமாக அந்த இடத்தில், ஏன் இப்படி மென்று முழுங்குகிறாய் என்று ஒரு அதட்டல் வரும். வரவில்லை.

"நீ நூறு வயசு இருப்பே" என்றார் மாமியார் திடீரென்று.

"நீங்களும் அத்தை."

"காலம் சரியில்ல. எங்கேயும் வெளிய சுத்தாத. வீட்டுலயே இரு, என்ன?"

"நீங்களும் வீட்டுலயே இருங்க அத்தை."

பிறகு குழந்தையிடம் போனைக் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று இவள் கேட்டாள். குழந்தை "ம்" என்றது. தூங்கினாயா என்று கேட்டதற்கும் "ம்". வேறு எதுவும் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சைக் காதில் வைத்துக்கொண்டு இவளும் நின்றாள். சிக்னல் போய்விட்டது.

மாமியாருக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் இந்தக் குரல் என்று அவளுக்குத் தோன்றியது. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பிரியத்தைத்தான் தாங்க முடியவில்லை.

*

விமானம் ஒரு பெரிய வேன் மாதிரி இருந்தது. ஒருவர் விட்டு ஒருவர் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கை காலி. மலர்வளையத்தை மடியில் வைக்கக் கூடாது, தரையிலும் வைக்கக் கூடாது என்று சொல்லி, பணிப்பெண் அதைக் காலி இருக்கையில் சாய்த்து பெல்ட் போட்டு இறுக்கினாள். "ஆழ்ந்த அனுதாபங்களுடன்" என்ற நாடா பெல்ட்டுக்குக் கீழே கொஞ்சம் கசங்கியது. நோய்க்காலம் முழுக்க அந்த விமானத்தில் இடைவெளி விட்ட இருக்கையில் உட்கார்ந்து வந்தது அந்த வளையம் ஒன்றுதான். அதற்கு யாரும் காசு கட்டவில்லை.

பெயிண்டர் நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். நடுவில் ஒருமுறை, எத்தனை வயசு என்று கேட்டார். அவள் அறுபத்தெட்டு என்றாள். பொய் சொல்லாமல் சொல்ல முடிந்த ஒரே பதில் அது.

"எங்கூடப் பிறந்தவனுக்கு முப்பத்தொண்ணு" என்றார் அவர். வீட்டுக்கு அடிக்க எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று தம்பி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தானாம். விமானம் விட்டதும் நானே வந்து அடித்துத் தருகிறேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். கீழே கடல் முடிவில்லாமல் ஒரே நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

தீவின் விமான நிலையம் என்பது தகரக்கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. இறங்கிய எல்லோருக்கும் பிளாஸ்டிக் அங்கியும் தலைக்கு ஒரு பையும் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டதும் பெயிண்டரும், கூட வந்த ஒரு கிழவியும், ஓர் அதிகாரியும் ஒரே மாதிரி, பொட்டலம் கட்டிய சாமான் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒலிபெருக்கி வைத்திருந்த நிலையத்துக்காரர் விதிகளைச் சொன்னார். அதே விமானத்தில் தீவிலிருந்து கிளம்புகிறவர்கள் இந்தக் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும். வருகிறவர் மூச்சு போகிறவர்மேல் படக் கூடாது. அதனால் அவர்கள் கடந்துபோகும்வரை வந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். யாரும் தலையைத் திருப்பக் கூடாது.

எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால் அங்கிகள் சரசரத்தன. பெட்டி ஒன்று தேய்ந்துகொண்டு போயிற்று. நடுவில் ஒரு குழந்தையின் செருப்பு கீச்கீச்சென்று வந்தது. அவளுக்கு நேர் பின்னால் நின்றது. பிறகு யாரோ தூக்கிக்கொண்டிருக்க வேண்டும், சத்தம் இல்லை. இந்நேரம் தன் மகளுக்கும் பழைய செருப்பு பத்தாமல் போயிருக்கும், புதிது வாங்கி வந்திருக்கலாமே என்று நினைத்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் லேசாகக் கழுத்தைத் திருப்பி ஒலிபெருக்கியில் திட்டு வாங்கினார். அவள் திரும்பவில்லை. சொன்னதைக் கேட்பதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை.

அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சாவுக்கு வந்தவர்களுக்கு முதல் இடம். ஐஸில் வைத்திருந்த தம்பியின் அடக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று பெயிண்டரைச் சீக்கிரமே விட்டார்கள். அவர் வெறுங்கையோடு வாசலுக்கு நடந்தார். அவள் அவர் பின்னால் போய் நின்றாள். வளையத்தில் கம்பெனியின் நாடாவைத் தைத்திருந்த நூலை, கவசத்தை இறக்கிப் பல்லால் கடித்து அறுத்தாள். கவசத்தை ஏற்று என்று ஒலிபெருக்கி கத்தியது. நாடாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு வளையத்தை அவரிடம் நீட்டினாள்.

"உங்க அத்தைக்கு?" என்றார் அவர்.

"அவங்களுக்குப் பூ பிடிக்காது" என்றாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸம்மா அவளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இருமல் உண்டா என்று கேட்டார். வெளியே விமானத்தின் இன்ஜின் சூடாகிக்கொண்டிருந்தது.

"யாரு தவறிட்டாங்க?" என்றார் நர்ஸம்மா.

இங்கே கண்ணாடி இல்லை. இவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னால், பத்து நிமிஷம் கழித்து மாமியார் முகத்தையும் பார்க்க முடியாது. மகளைப் போய் எடுத்துக்கொள்ளும்போது கை கூசும். அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அதற்கப்புறம் வந்ததுதான் அவள் வாழ்நாளிலேயே நீளமான பேச்சு.

"யாரும் தவறலைங்க. மாமியார் போயிட்டாங்கன்னு நான் சொன்னது, தீவுக்குப் போயிட்டாங்கன்னு. அவர் தப்பா எடுத்துக்கிட்டார். நான் திருத்தலை. திருத்தியிருந்தா எனக்குச் சீட்டுக் கிடைச்சிருக்காது. என் குழந்தை அம்மான்னா போன்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அதைத் தூக்கணும், அவ்வளவுதான். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன், முதல்ல ஒரு தடவை தூக்கிட்டு வந்துடறேன். ஐஸ் பேக்டரிக்குப் பின்னால நீல வீடு. நான் அந்த வீட்டு மருமக."

இன்ஜின் சத்தம் உயர்ந்து, கூரைத் தகரத்தை நடுங்க வைத்துவிட்டு, மேலேறி, கடல் பக்கமாக மெலிந்துகொண்டே போனது. நர்ஸம்மா அதுவரை காத்திருந்துவிட்டுத்தான் பேசினார்.

"நீல வீட்டு மருமகளா? அவ செத்துட்டாளே. கடைசியா முகத்தையாவது பார்க்கணும்னு அவ மாமியார் அழுது எழவு சீட்டு வாங்கி, பேத்தியைத் தூக்கிக்கிட்டு இப்பதானே இந்த விமானத்துல போறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் எதிரில் நிற்பவளை நன்றாகப் பார்த்தார். கையிலிருந்த பேனாவை மூடினார். நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து, செத்தவளுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போனார்.